வட்டி திரும்பி வந்தது. ஆடிட்டர் பில் யார் தலையில்?

வங்கி கூடுதலாகப் பிடித்த வட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. மேற்கொண்டு கொஞ்சம் நஷ்டஈடும் தந்தது. அது போதாது என்று நிரூபிக்க ஆடிட்டருக்கும் வக்கீலுக்கும் அழுத காசை யார் தருவார்கள்? அயர்லாந்தின் டிராக்கர் கடன் விவகாரத்தில் அதிகம் பேசப்படாத கேள்வி இது.

டிராக்கர் கடன் என்பது நம்மூரில் ரெப்போ வட்டியோடு இணைந்த வீட்டுக்கடன் மாதிரி. ஐரோப்பிய மத்திய வங்கியின் வட்டி, அதற்கு மேல் மாறாத ஒரு சிறு சதவீதம், அவ்வளவுதான். 2008 ஜூலையில் 4.25 சதவீதமாக இருந்த அந்த வட்டி 2009 மே மாதம் 1 சதவீதத்துக்கு விழுந்தது. கடன்காரருக்குக் கொண்டாட்டம், வங்கிக்குத் திண்டாட்டம். இடையில் சில ஆண்டுகள் நிலையான வட்டிக்கு மாறியிருந்தவர்கள் திரும்பி வந்தபோது பல வங்கிகள் டிராக்கரைத் தர மறுத்தன. அயர்லாந்து மத்திய வங்கி 2015-ல் தொடங்கிய ஆய்வின் இறுதி அறிக்கை 2019 ஜூலையில் வந்தது. பாதிக்கப்பட்ட கணக்குகள் 40 ஆயிரத்துக்கும் மேல். அதுவரை வங்கிகள் கொடுத்த தொகை 68.3 கோடி யூரோ. குடியிருந்த வீட்டையே இழந்தவர்களும் அந்தக் கணக்கில் உண்டு.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். கடன் பாக்கி 2,50,000 யூரோ. டிராக்கர் இருந்திருந்தால் 2.1 சதவீதம், வங்கி பிடித்தது 4 சதவீதம். வருடத்துக்கு 4,750 யூரோ, மாதம் சுமார் 396 யூரோ கூடுதல். பத்து வருடம் என்றால் 120 மாதத் தவணைகளையும் ஒவ்வொன்றாக அவிழ்த்து, குறைந்திருக்க வேண்டிய அசலையும் சேர்த்து மறுபடி கணக்கெழுத வேண்டும். வங்கி அனுப்பும் ஒரு பக்கக் கடிதத்தை வைத்துக்கொண்டு சாமானியர் செய்கிற வேலையா இது? அதற்கு ஆடிட்டர் 3,000 யூரோ கேட்டால், 23 சதவீத வாட் வரியோடு 3,690 ஆகிறது.

அயர்லாந்து மத்திய வங்கி இதை அறியாமல் இல்லை. இழப்பீட்டோடு தொழில்முறை ஆலோசனைக்கென ஒரு தொகையும் தரவேண்டும், கட்டணமில்லாத மேல்முறையீட்டுக் குழு இருக்கவேண்டும், இழப்பீட்டை வாங்கிக்கொண்டபின்பும் வாடிக்கையாளர் மேல்முறையீடு செய்யலாம் என்றெல்லாம் விதித்தது. நடைமுறையில் என்ன கிடைத்தது? அயர்லாந்தின் ஏஐபி வங்கி சுமார் 5,900 பேருக்குத் தலா 1,615 யூரோ தர முன்வந்தது. அதில் 1,000 நஷ்டஈடு, 615 ஆலோசனைக்கு. 500 யூரோ பில்லும் அதன் வாட் வரியும் சேர்ந்தால் சரியாக 615. கடிதத்தைப் படித்துச் சொல்ல அது போதும். கடிதத்தோடு சண்டை போடப் போதாது.

சண்டை போட்டால் பலன் இருந்தது என்பதுதான் இதில் வேடிக்கை. அதே 5,900 பேரில் ஒருவரின் புகாரை விசாரித்த நிதிச் சேவை, ஓய்வூதிய ஆம்புட்ஸ்மன் 2020-ல் கடன் பாக்கியில் 12 சதவீதத்தைக் குறைக்கச் சொன்னார். வங்கி அதை மற்றவர்களுக்கும் பொருத்தியது. 1,000 யூரோ எங்கே, 12 சதவீதம் எங்கே!

ஆனால் ஆம்புட்ஸ்மனிடம் போகக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. இலவசம் என்பதே இங்கே எதிர்வாதமாகிவிடுகிறது: தேவைப்படாத வக்கீலை நீங்களாக வைத்துக்கொண்டீர்கள், செலவும் உங்களுடையது என்பார்கள். தோற்றவர் செலவைத் தரவேண்டும் என்ற விதி நீதிமன்றத்தின் விதி. இங்கே அது பொதுவாகச் செல்லாது. ஆனாலும் ஒரு சந்து இருக்கிறது. வங்கியின் நடத்தையால் ஏற்பட்ட ‘இழப்பு, செலவு, அசௌகரியம்’ மூன்றுக்கும் ஈடு தரச் சொல்ல ஆம்புட்ஸ்மனுக்குச் சட்டம் அதிகாரம் தருகிறது. உச்சவரம்பு 5 லட்சம் யூரோ. ஆகவே பில்லை ‘வழக்குச் செலவு’ என்று கேட்பதைவிட, வங்கியின் தவறைக் கண்டுபிடிக்க ஆன செலவு என்று கேட்பதே புத்திசாலித்தனம். தவறைக் கண்டுபிடித்த கணக்கு வேலைக்குத் தனி பில், வாதாடியதற்குத் தனி பில் வாங்குங்கள். முதலாவதைக் கேட்பதில் நியாயம் அதிகம். கடைசியில் நினைவு வந்து சேர்க்காமல், முதல் புகார்க் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

வக்கீல் வைப்பதானால், கட்டண விவரத்தை எழுத்தில் தரவேண்டியது அயர்லாந்தில் அவருடைய சட்டக் கடமை. கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று வழக்குகளில் கட்டணம் பேசுவதற்கும், கடன் வசூல் போன்ற விதிவிலக்கு தவிர, அனுமதி கிடையாது.

நீதிமன்றம் போய்விட்டால் அதே விஷயத்தை ஆம்புட்ஸ்மன் விசாரிக்க மாட்டார். ஆம்புட்ஸ்மன் முடிவு பிடிக்காவிட்டால் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 35 நாள் அவகாசம். அங்கே தோற்றால், உங்கள் பில்லோடு வங்கியின் வக்கீல் பில்லும் உங்கள் தலையில் விழலாம்.