அச்சுறுத்தும் கடற்கன்னி: ‘சைரன்’ தொடரும் பார்வையாளர் அளவுகோலும்

அமெரிக்காவின் ஃபிரீஃபார்ம் அலைவரிசையில் 2018 முதல் 2020 வரை மூன்று பருவங்களாக ஒளிபரப்பான ‘சைரன்’ தொடர், கடற்கன்னியை வேட்டையாடும் உயிரியாகக் காட்டுகிறது. இதைப் பார்வையாளர் புதுமையெனப் போற்றினும் மரபுமீறலெனப் பழிப்பினும் அளவுகோல் ஒன்றே: ஆண்டர்சனின் 1837ஆம் ஆண்டுக் கதையும் டிஸ்னியின் 1989ஆம் ஆண்டுத் திரைப்படமும் நிலைநிறுத்திய மென்மையான கடற்கன்னி.

ஆயின், பாட்டால் மாலுமிகளை ஈர்த்து அழிக்கும் சைரன்கள் ஹோமரின் ஒடிசியிலேயே உள்ளனர். பண்டைய கிரேக்கக் கலை அவர்களைப் பறவையுடலினராகக் காட்டுகிறது. எனவே தொடரின் அச்சம் பழையது. பெயரே அதற்குச் சான்று.

மேலும், கதையில் முதலில் மீன்பிடிக் கப்பலில் அகப்பட்டு இராணுவத்தால் சிறைப்படுபவள் கடற்கன்னியே. அவளைத் தேடியே ரின் கரையேறுகிறாள். ஆகவே, பார்வையாளர் கருத்தை ஆராய்வோர், ‘ஆபத்து’ என்னும் சொல் யாரைச் சுட்டுகிறது என்பதை முதற்கண் வரையறுத்தல் வேண்டும்.