மெலிந்த தேகத்தில் மறைந்திருக்கும் நோய்

நீரிழிவும் இருதய நோயும் பருத்த சரீரமும் சொகுசான ஜீவனமும் உடைய பட்டணத்து மனிதர்களுக்கு வருகிற வியாதிகளென்றும், வயலில் ஓடியாடி வளரும் மெலிந்த கிராமத்துப் பிள்ளைகளை அவை அணுகமாட்டா என்றும் நம்மில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறோம். அந்த நம்பிக்கை எவ்வளவு அபாயகரமானது என்பதை, மகாராஷ்டிரத்தில் புனே நகரத்தை அடுத்த ஆறு கிராமங்களில் நடந்துவரும் நீண்டதோர் ஆராய்ச்சி தெளிவாக்கியிருக்கிறது.

1993-ஆம் ஆண்டில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவருடைய சகாக்களும், அக்கிராமங்களில் தாய்மை அடையவிருந்த பெண்களின் ஆகாரம், உழைப்பு, தேகநிலை ஆகியவற்றைக் குறித்துவைத்து, அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளை அன்று முதல் விடாமல் கவனித்து வந்தார்கள். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரத்துச் சிசுக்களின் சராசரி எடை சுமார் 3.5 கிலோவாக இருக்க, இங்கே அது 2.7 கிலோவாகவே இருந்தது. தசையும் வயிற்று அவயவங்களும் வெகுவாகக் குன்றியிருந்த இச்சிசுக்களிடம், தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை.

அக்குழந்தைகள் 18 வயதை எட்டியபோது 600-க்கு மேற்பட்டவர்களைப் பரிசோதித்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் உரிய எடையில்லாதவர்கள். அப்படியிருந்தும் இளைஞர்களில் 37 சதவீதத்தினரும் யுவதிகளில் 18 சதவீதத்தினரும், சர்க்கரையைப் பக்குவப்படுத்தும் சக்தி குன்றி, பெரும்பாலும் நீரிழிவுக்கு முந்திய நிலையில் இருந்தார்கள். அவர்களுடைய வெறும்வயிற்றுச் சர்க்கரை பால்யத்திலேயே சற்று உயர்ந்திருந்தது என்பதையும் பழைய குறிப்புகள் காட்டின.

இதன் காரணம் கர்ப்பத்திலேயே தொடங்குகிறது. வருமானம் சுருங்கிய குடும்பத்தார் அத்தியாவசியச் செலவை மாத்திரம் காப்பாற்றி மற்றவற்றைக் குறைத்துக்கொள்வதுபோல, போஷணை குறைந்த சிசுவின் சரீரம் மூளையைக் காப்பாற்றும் பொருட்டுத் தசையையும் கணையத்தையும் குறுக்கிக்கொள்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலின் போதாமலும், சர்க்கரையை ஏற்கும் தசை போதாமலும் வளர்ந்த ஒருவனுக்குப் பிற்காலத்தில் ஆகாரம் மிகுந்து உழைப்பு குறையுமானால், இரத்தத்தில் சர்க்கரை தேங்கி, நாளடைவில் இரத்தக் குழாய்களின் உட்சுவர் கெட்டு, மாரடைப்புக்கும் வழி உண்டாகிறது.

கர்ப்ப காலத்தில் வயல்வேலையும் வீட்டுவேலையும் மிகுதியாகச் செய்த தாய்மாரின் சிசுக்கள் சிறுத்திருந்தன. கீரை, பழம், பால் ஆகியவற்றை அடிக்கடி உண்டவர்களின் சிசுக்களோ பெரியவையாக இருந்தன. பால், முட்டை, மீன், மாமிசம் ஆகியவற்றில் கிடைக்கும் பி12 வைட்டமின், தாய்மாரில் பெரும்பாலோரிடம் குறைவாகவே காணப்பட்டது. ஆகவே 2012 முதல், அன்று சிசுக்களாக இருந்தவர்களுக்கே, அவர்கள் பெற்றோராவதற்கு முன்பாக அந்த வைட்டமினைக் கொடுத்து, அடுத்த சந்ததியின் நலத்தைக் காக்கும் பரீட்சையும் தொடங்கியது.

ஆதலால், ஒல்லியான பிள்ளைதானே என்று எடையை மாத்திரம் பார்த்துத் திருப்தியடையாமல், பதின்பருவத்தினரின் இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்தறிய வேண்டும். அதனினும் முக்கியமாக, எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் கிராமத்துப் பெண்ணுக்கு, அவள் தாயாவதற்குப் பல வருஷங்களுக்கு முன்பிருந்தே கீரையும் பழமும் பாலும் குறைவின்றிக் கிடைக்கவும், கர்ப்ப காலத்தில் அவளுடைய வேலைச்சுமையை வீட்டார் பகிர்ந்துகொள்ளவும் வேண்டும். இது அவளுக்குச் செய்யும் தயவன்று. அவளுக்கும் அவள் பெறப்போகும் பிள்ளைகளுக்கும் நாம் செலுத்தவேண்டிய கடமையாகும்.