திறப்பு விழா முடிந்த பிறகு யாரிடம் கேட்பது?

தென்காசி மாவட்டம் ராயகிரிப் பக்கம் இரவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டால், வீட்டார் மனதில் முதலில் எழும் கேள்வி இதுதான்: பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே பார்ப்பார்களா, பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்களா? புதிய சுகாதார நிலையம் திறக்கப்படும்போது கவனிக்க வேண்டியதும் இதற்கான பதிலைத்தான்.

முதலில் பெயர்ப் பலகையைப் படியுங்கள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். அங்கே இருப்பவர் கிராம சுகாதார செவிலியர். 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். 1,20,000 பேருக்கு, 30 படுக்கைகளோடு சமுதாய சுகாதார நிலையம். தமிழ்நாட்டில் இதைப் பெரும்பாலும் மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையம் என்பார்கள். மகப்பேறு, குழந்தை நலம், மயக்கவியல் நிபுணர்கள் இருக்க வேண்டியது இந்தக் கடைசி நிலையில்தான். சாதாரண ஆரம்ப சுகாதார நிலையம் 24 மணி நேரமும் இயங்குகிறது என்றால், செவிலியர்கள் முறைவைத்துப் பணியில் இருக்கிறார்கள் என்று பொருள். இரவு முழுக்க டாக்டர் அங்கேயே இருப்பார் என்று எண்ணிவிடக் கூடாது.

ரிப்பன் வெட்டும் பேரூராட்சித் தலைவருக்கும் ஒன்றியக் குழுத் தலைவருக்கும் டாக்டரை நியமிக்கும் அதிகாரம் இல்லை. அது மாநில அரசின் கையில் இருக்கிறது. அதற்காக அவர்களை வெறும் விழா விருந்தினர்களாக நினைத்துவிட முடியாது. அரசியலமைப்பின் 11ஆவது அட்டவணை, ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளில் ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. பேரூராட்சிகளுக்கு 12ஆவது அட்டவணை. அதில் பொது சுகாதாரமும் துப்புரவும் உண்டு. 1939இலேயே பொது சுகாதாரச் சட்டம் இயற்றிய மாகாணம் நம்முடையது. குடிநீர், சாக்கடை, கொசு ஒழிப்பு ஆகியவற்றில் உள்ளாட்சிக்குப் பொறுப்பு உண்டு என்பதை அப்போதே எழுதிவைத்தார்கள்.

பணமும் உள்ளாட்சி வழியாக வருகிறது. 15ஆவது நிதி ஆணையம் 2021–26 காலத்துக்கு, உள்ளாட்சிகள் வழியான சுகாதார மானியமாக நாடு முழுவதற்கும் 70,051 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. கட்டடமும் பரிசோதனை வசதியும் இதில் அடக்கம்.

ஆகவே வார்டு உறுப்பினரிடம் உரிமையோடு கேளுங்கள். ஆம்புலன்ஸ் வாசல்வரை வரப் பாதை இருக்கிறதா? பிரசவ அறைக்கு நாள் முழுக்கத் தண்ணீர் வருகிறதா? இவற்றை அவர்களாலேயே செய்ய முடியும். டாக்டர் பணியிடம் காலியாக இருந்தால், மன்றத்தில் தீர்மானம் போட்டு மாவட்ட சுகாதார அலுவலருக்கு அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில், என்ன பதில் வந்தது என்று கேளுங்கள்.