மீண்டெழுந்த யூனியன் சிட்டி

அமெரிக்காவில் ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளைத் தனி வாரியத்தின்கீழ் நிர்வகிக்கும் அமைப்பே ‘பள்ளி மாவட்டம்’ எனப்படுகிறது. நியூ ஜெர்சி மாநிலத்தின் யூனியன் சிட்டியில், ஸ்பானிய மொழி பேசும் குடியேறிகளின் பிள்ளைகள் பெரும்பான்மையாகப் படிக்கும் இத்தகைய மாவட்டம் ஒன்று, 1989ஆம் ஆண்டில் மாநில அரசே பொறுப்பேற்றுக்கொள்ளும் என எச்சரிக்கப்படும் அளவுக்குத் தாழ்ந்திருந்து, பின்னர் படிப்படியாக மீண்டது. மூன்று வயதிலேயே தொடங்கும் தரமான மழலையர் வகுப்பு, ஸ்பானிய மொழியில் வேரூன்றச் செய்து ஆங்கிலத்துக்கு நகர்த்தும் இருமொழிக் கற்பித்தல், தடுமாறும் ஆசிரியருக்குச் சக ஆசிரியர் வகுப்பறைக்கே வந்து உதவும் ஏற்பாடு ஆகியவற்றை, அங்குள்ள மூன்றாம் வகுப்பொன்றில் அமர்ந்து கவனித்த பேராசிரியர் டேவிட் கிர்ப் 2013இல் வெளியான தம் நூலில் காரணங்களாகக் காட்டுகிறார். இத்தகைய மீட்சியை மதிப்பிடுகையில், குறித்த நாளில் பெற்ற மதிப்பெண்ணைவிட, தொடங்கிய இடத்திலிருந்து மாணவர் கடந்த தொலைவே பாராட்டுக்கு நேர்மையான அளவுகோல். வசதி படைத்த ஊர்ப் பள்ளிகளின் தேர்ச்சி விழாக்கள் இதைப் பெரும்பாலும் அளப்பதில்லை.