மேய்ச்சல் நிலம் – 7: கடவு திறக்கும் நாள்

சென்ற வாரம் பர்கூர் மலைப் பட்டிகளில் இருந்தோம். இந்த வாரம் கீழிறங்கிக் காங்கேயம் பக்கம் வருவோம்.

நொய்யலுக்கும் அமராவதிக்கும் நடுவிலுள்ள இந்தச் சரளை மண்ணில் ஆண்டு முழுக்கப் பெய்வது 600 மில்லிமீட்டர் அளவு மழைதான். வெள்ளாமைக்குத் தோதில்லாத நிலத்தை இங்குள்ள குடியானவர்கள் மாட்டுக்கென்றே விட்டுவைத்தார்கள். அதற்குப் பெயர் கொறங்காடு. சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். பேருந்தில் போகிறவர் தரிசு என்றுதான் நினைப்பார்.

இறங்கிக் குனிந்து பார்க்க வேண்டும். கொழுக்கட்டைப் புல்லுக்கு நடுவே ஒட்டன் புல் இருக்கும், நரிப்பயற்றங்கொடி படர்ந்திருக்கும், செப்பு நெருஞ்சி தரையோடு ஒட்டிக் கிடக்கும். மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இவை பெயர் சொல்லத் தெரிந்த செடிகள். ஆனால் பெயர் தெரிவது இந்த அறிவில் சிறு பங்குதான். எந்தச் செடியை எந்தப் பருவத்தில் மாட்டுக்கு விடுவது, எப்போது விடாமல் தடுப்பது என்பதில்தான் கெட்டிக்காரத்தனம் முழுக்க இருக்கிறது.

மழை பெய்த மறுவாரத்தை எடுத்துக்கொள்வோம். காய்ந்து கிடந்த தூரெல்லாம் துளிர்க்கிறது. கோடையில் எலும்பு தெரிய இளைத்த மாடு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பச்சையைப் பார்க்கிறது. கணக்குத் தெரிந்தவர் அப்போது வேலியின் வாயிலான கடவைத் திறக்கமாட்டார். கட்டுத்தரையில் சோளத்தட்டையே போட்டுச் சமாளிப்பார். புல் அப்போதுதான் வேரில் சேர்த்துவைத்த சத்தையெல்லாம் செலவழித்துத் துளிர்த்திருக்கிறது. அந்த இளந்தளிரை மாடு கடித்துவிட்டால் தூர் மறுபடி எழும்பத் திணறும். இரண்டு மூன்று ஆண்டு அப்படி நடந்தால் நல்ல புல் அழிந்து, மாடு தொடாத செடிகள் இடம் பிடித்துவிடும். புல் வளர்ந்து பூத்து, கொஞ்சமாவது விதை உதிர்த்த பிறகுதான் மேய்ச்சல். கண்ணெதிரே பசித்து நிற்கும் மாட்டை வைத்துக்கொண்டு இப்படிப் பொறுத்திருப்பது லேசான காரியமில்லை. இந்தப் பொறுமையை நான் பெரிய அறிவாகவே மதிக்கிறேன்.

திறந்த பிறகும் ஒரு வரிசை உண்டு. முதலில் மாடு, பின்னால் செம்மறி. மாடு நாக்கைச் சுழற்றிப் புல்லை வளைத்து இழுக்கும். தரையை ஒட்டியிருப்பது அதற்கு எட்டாது. மெல்லிய உதடுள்ள செம்மறியோ அடிவரை கரும்பிவிடும். ஆட்டை முதலில் விட்டால் மாட்டுக்கு மிச்சம் இருக்காது.

காலையில் பனி உலர்வதற்குள் ஆட்டைத் திறந்துவிடுவதும் கிடையாது. குடற்புழுவின் குஞ்சுகள் ஈரம் இருக்கும்போதுதான் புல்லின்மேல் ஏறியிருக்கும் என்று கால்நடை மருத்துவம் சொல்கிறது. நுண்ணோக்கியைப் பார்த்திராத கிழவர்கள் இதை ஆட்டின் கழிச்சலைப் பார்த்தே கண்டுகொண்டார்கள். இளஞ்சோளமும் இப்படித்தான். மழையில்லாமல் வாடிய சோளப் பயிரையும், அறுத்த தாளில் புதிதாக விட்ட துளிரையும் மாடு தின்றால் உடலில் சயனைடு நஞ்சு ஏறிச் சில நிமிடங்களில்கூடச் செத்துவிழும். அதே பயிர் முற்றிக் காய்ந்து தட்டானால் கோடை முழுக்க மாட்டைக் காப்பாற்றும்.

தரைப்புல் தீய்ந்துபோகும் வெயில் காலத்தில் வெள்வேல மரம் காயை உதிர்க்கிறது. புரதம் மிகுந்த அந்தக் காயை மாடும் ஆடும் தேடிப் பொறுக்கும். கெட்டியான விதைத்தோல் வயிற்றில் ஊறி இளகுவதால், சாணத்தோடு விழும் விதை மழைக்கு முளைத்துவிடும். மரத்தின் நிழலில் மாடு படுக்கிறது, அதன் காயைத் தின்கிறது, அடுத்த மரத்துக்கு விதையும் போடுகிறது.

இப்போது கொறங்காடுகள் வீட்டுமனையாகின்றன. காற்றாலைக்கும் சூரியத் தகடுக்கும் போகின்றன. மாட்டுக்குத்தான் கோ-4 போன்ற தீவனப்புல் இருக்கிறதே என்பவர்கள் உண்டு. நல்ல புல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பாசனம் வேண்டும். கொழுக்கட்டைப் புல் மண்ணில் ஆழமாக வேர்விட்டு மழைக்காகக் காத்திருக்கும். கிணற்று நீர் கேட்காது. காங்கேயம் மாட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசுகிறவர்கள் அது மேய்ந்த காட்டைப் பற்றியும் அதே குரலில் பேச வேண்டும். கண்ணபுரம் சந்தையில் காளையை விலைக்கு வாங்கிவிடலாம். எப்போது கடவைத் திறப்பது என்ற கணிப்பை எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது. அதைப் பழக ஒரு கொறங்காடு வேண்டும், சில மழைக்காலங்கள் வேண்டும், பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஒரு பெரியவர் வேண்டும்.

அடுத்த வாரம் இராமநாதபுரம் பக்கத்தில் ஆடு மேய்க்கும் கீதாரிகளோடு நடக்கலாம். ஊர் ஊராகக் கிடை போட்டுப் போகும் அவர்களுக்கு வேலியும் கடவும் கிடையாது. எங்கே எந்தச் செடி எப்போது கிடைக்கும் என்ற கணக்கை வழியெல்லாம் சுமந்தே போகிறார்கள்.

(தொடரும்)