சென்னை – ஜித்தா: தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு?

உம்ரா பயணத்துக்கு டிக்கெட் கைக்கு வந்ததும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "எத்தனை மணி நேரம் பறக்கணும்?" என்பதுதான். விடை தெரிந்திருந்தால் இஹ்ராம், தொழுகை, நோன்பு ஆகியவற்றில் தடுமாற்றம் வராது.

சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு வான்வழித் தூரம் ஏறக்குறைய 4,450 கிலோமீட்டர். மணிக்கு சுமார் 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம், ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்து ஐந்தரை முதல் ஆறு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். இது நேரடி விமானத்துக்கான கணக்கு. வழியில் விமானம் மாறினால், காத்திருக்கும் நேரமும் கூடும்.

டிக்கெட்டில் உள்ள நேரம் பலரைக் குழப்புகிறது. சவூதி நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. காலை 10 மணிக்குப் புறப்பட்டு ஐந்தே முக்கால் மணி நேரம் பறந்தால், அங்கே மதியம் 1.15 தான் ஆகியிருக்கும். டிக்கெட்டைப் பார்த்தால் மூன்றே கால் மணி நேரப் பயணம் போலத் தெரியும். திரும்பும்போது இதற்கு நேர்மாறு: இரவு 10 மணிக்குப் புறப்பட்டு ஐந்தே கால் மணி நேரம் பறந்தால், சென்னையில் காலை 5.45 ஆகியிருக்கும். குளிர்காலத்தில் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று, திரும்பும் பயணத்தைச் சற்றுச் சுருக்கித் தரும்.

இனி முக்கியமான விஷயம். விமானம் மீக்காத் எல்லையைக் கடப்பது வானத்தில்தான். ஜித்தாவில் இறங்குவதற்குச் சுமார் அரை மணி நேரம் முன்பே அது நடந்துவிடும். நேராக உம்ராவுக்குச் செல்பவர் இறங்கியபின் இஹ்ராம் கட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. நிய்யத் இல்லாமல் எல்லையைக் கடந்தவர் மீக்காத்துக்குத் திரும்பிச் செல்ல வேண்டும். செல்லாமல் உள்ளேயே இஹ்ராம் கட்டினால் பரிகாரமாக ஓர் ஆடு அறுத்துக் கொடுக்க வேண்டும் என்பது பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து.

எனவே குளித்து, இஹ்ராம் துணியை வீட்டிலோ விமான நிலையத்திலோ உடுத்திக்கொள்வது நல்லது. விமானம் மாறுபவர்கள் அந்தத் துணியைக் கைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும். பெரிய பெட்டியில் வைத்தால் ஜித்தாவில்தான் கையில் கிடைக்கும். பெண்களுக்குத் தனி உடை இல்லை. நிய்யத்தும் தல்பியாவும் போதும். அறிவிப்பு வரும்போது தூங்கிவிடுவோமோ என்று அஞ்சும் முதியவர்கள், சற்று முன்னதாகவே நிய்யத் செய்துகொள்ளலாம்.

ரமலானில் பகலில் மேற்கே பறந்தால் நோன்பு நேரம் நீளும். பயணிக்கு நோன்பை விட்டுப் பின்னர் நோற்கச் சலுகை உண்டு. நோற்பவர் சென்னை நேரத்தைப் பார்த்து நோன்பு திறக்கக் கூடாது. தாம் இருக்கும் இடத்தில், விமானத்திலிருந்து பார்க்கும்போது, சூரியன் மறைய வேண்டும்.

நம் அனைவரின் பயணத்தையும் அல்லாஹ் எளிதாக்கி, ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.