நெட்டுக்கு அந்தப் பக்கம்!

மேட்ச் பார்க்க ஊர் விட்டு ஊர் போறவங்களைப் பார்த்திருப்பீங்க. வெறும் பிராக்டீஸ் பார்க்க ராத்திரி முழுக்க ரயில்ல போனவனைப் பார்த்திருக்கீங்களா? இதோ, உங்க முன்னாடி நிக்கிறேன் பாஸ்!

2019 மார்ச். எட்டாம் வகுப்பு முழுப் பரிட்சை நெருங்கிட்டு இருந்த நேரம். எங்க ஊர் ஆனையூர்ல கண்மாய்க் கரையோரம் சாயங்காலமானா டென்னிஸ் பால் கிரிக்கெட் களைகட்டும். அங்கே வேகப்பந்துன்னா என் பெரியப்பா மகன்தான். அவர் ஓடி வர்றதைப் பார்த்தாலே பேட்ஸ்மேன் ரெண்டு அடி பின்னாடி போயிடுவான். அந்த அண்ணன் ஒரு நாள் என் காதுல மெதுவா கேட்டார்: ''சேப்பாக்கத்துல சிஎஸ்கே பிராக்டீஸ் நடக்குதாம். சும்மாவே உள்ளே விடுறாங்களாம். வர்றியாடா?''

அம்மாகிட்ட சென்னை சித்தியைப் பார்க்கப் போறோம்னு சொன்னோம். பொய் இல்லை. சித்தியையும் பார்த்தோம், பத்து நிமிஷம்!

ஏன் இந்த வெறி?

அந்தக் கூட்டத்தைப் புரிஞ்சிக்கணும்னா கொஞ்சம் ஃபிளாஷ்பேக் வேணும். 2016, 2017 ரெண்டு வருஷமும் சிஎஸ்கே-வுக்குத் தடை. 2018-ல திரும்பி வந்தாங்க. சேப்பாக்கத்துல ஏப்ரல் 10-ம் தேதி ஒரே ஒரு மேட்ச். அதோட காவிரிப் போராட்டம் காரணமா மீதி ஹோம் மேட்ச் எல்லாம் புனேவுக்குப் போயிடுச்சு. அதைப் பார்க்க சென்னையிலேர்ந்து ரசிகர்களுக்காகவே தனி ரயில் விட்ட கதையெல்லாம் நடந்தது. அந்த வருஷம் கப் நம்மளுதுதான். ஆனா நம்ம ஊர் ஜனம் கண்ணால பார்த்தது ஒரே ஒரு ஆட்டம். மூணு வருஷப் பசியோட உட்கார்ந்திருந்தவங்களுக்கு, பிராக்டீஸே விருந்து சாப்பாடுதானே!

சனிக்கிழமை ராத்திரி மதுரை ஜங்ஷன்ல பாண்டியன் எக்ஸ்பிரஸ். முன்பதிவில்லாத பெட்டி. எனக்கு ஒத்தைக் கால் வைக்க இடம், அண்ணனுக்கு அதுவும் இல்லை. அவர் ஒரு பழைய காலேஜ் பேக்கை மட்டும் நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சிருந்தார். ''உள்ளே என்னண்ணே?''ன்னு கேட்டேன். ''துணிடா''ன்னு முடிச்சிட்டார்.

மார்ச் 17, ஞாயிறு. சேப்பாக்கம் வாசல்ல திருவிழா. மஞ்சள் பனியன், மஞ்சள் பெயின்ட், மஞ்சள் விசில். தர்பூசணி விக்கிறவர்கூட மஞ்சள் துண்டு! டிக்கெட் கிடையாது, சீட் நம்பர் கிடையாது. முந்தினவனுக்கு முன் வரிசை. அன்னைக்கு 12,000 பேருக்கு மேல கூடினதா மறுநாள் பேப்பர்ல படிச்சோம். ஒரு பிராக்டீஸ் மேட்சுக்கு!

எல்லாரும் ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம்

உள்ளே நுழைஞ்சதும் எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. டி.வி-யில பார்க்கிறப்ப மைதானம் பெருசா தெரியும், ஆள் சின்னதா தெரிவாங்க. நேர்ல உல்டா. பந்து பேட்ல படுற சத்தம் நெஞ்சுக்குள்ள கேக்குது. ஒருத்தர் ஷூ லேஸ் கட்டுறார், இன்னொருத்தர் தண்ணி குடிக்கிறார், அதுக்கும் கைதட்டல்! தோனி பேட்டோட எட்டிப் பார்த்தாரோ இல்லையோ, பக்கத்துல இருந்த தாத்தா ஒருத்தர் விசிலை முழுங்காத குறைதான். அந்த வருஷ கேம்ப்லதான் ஒரு ரசிகர் உள்ளே குதிச்சு ஓடி வர, தோனி பயிற்சியாளர் பாலாஜி முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சு 'கண்ணாமூச்சி' ஆடினார், ஞாபகம் இருக்கா? மேட்ச் அன்னைக்கு அப்படி ஒரு காட்சி கிடைக்குமா சொல்லுங்க. ஸ்கோர் போர்டு இல்லாத கிரிக்கெட்ல எல்லாருமே கொஞ்சம் சின்னப் பசங்களாயிடுறாங்க.

நான் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய்த் திரும்பினா... அண்ணன் மட்டும் கத்தவே இல்லை. அவர் கண்ணு பேட்ஸ்மேன் மேலயே இல்லை. எதிர்ப் பக்கம், பந்து போட வரிசையில நிக்கிற பசங்க மேல இருந்தது.

''யாருண்ணே அவங்க?''

''நெட் பவுலர்டா.''

அன்னைக்குத்தான் அந்த வார்த்தை எனக்கு முழுசா புரிஞ்சது. டீம்ல பேர் இருக்காது. முதுகுல நம்பர் இருக்காது. உள்ளூர் லீக்ல ஆடுற பசங்களை வரச் சொல்வாங்க. பேட்ஸ்மேன் 'யார்க்கர் போடு'ன்னா யார்க்கர். 'ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே'ன்னா வெளியே. அவுட் ஆக்கினா கணக்குல வராது, கையைத் தூக்கிக் கொண்டாட முடியாது. சிக்ஸர் போனா இன்னொரு பந்தை எடுத்துக்கிட்டு திரும்ப ஓடணும். அவ்ளோதான்.

ஒல்லியா ஒரு பையன் போட்ட பந்து பேட்ஸ்மேனை ஏமாத்திட்டு கீப்பர் பக்கம் சர்ருனு போச்சு. 12,000 பேர்ல யாரும் கவனிக்கலை. என் பக்கத்துல மட்டும் ஒரே ஒரு கைதட்டல் கேட்டுச்சு. அண்ணன்!

அமெரிக்காவுலயும் இதே கதைதான்

ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது, பிராக்டீஸ் பார்க்க ஊர் விட்டு ஊர் போறது நம்ம கண்டுபிடிப்பு இல்லைன்னு. அமெரிக்காவுல பேஸ்பால் சீஸன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, பிப்ரவரி, மார்ச்ல 'ஸ்பிரிங் டிரெயினிங்'னு ஒரு சமாச்சாரம் உண்டு. மொத்தம் 30 அணிகள். 15 அணி ஃபுளோரிடாவுக்கு, 15 அணி அரிஸோனாவுக்கு. குளிர் ஊர்லேர்ந்து வெயில் ஊருக்கு வீரர்கள் கிளம்புவாங்க, பின்னாடியே ரசிகர்களும் லீவு போட்டுட்டுக் கிளம்புவாங்க. மைதானமெல்லாம் சின்னது. பல இடத்துல புல் மேட்டுல துண்டு விரிச்சுக்கூட உட்காரலாம். வேலி ஓரம் நின்னா ஆட்டோகிராஃப் கிடைக்கவும் வாய்ப்பு உண்டு. ஜெயிச்சாலும் தோத்தாலும் சீஸன் கணக்குல சேராது. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ஃபுளோரிடாவுல பிராடென்டன் ஊர்ல பயிற்சி எடுக்கிற மைதானம் 1923-ல் கட்டினது!

அந்த பிராடென்டனுக்கு நம்ம நாட்டுப் பசங்க ரெண்டு பேர் போயிருக்காங்க. ரிங்கு சிங், தினேஷ் படேல். உத்தரப்பிரதேசத்துல ஈட்டி எறிஞ்சிட்டிருந்தவங்க. பேஸ்பாலைக் கையால தொட்டதுகூட கிடையாது. யாரு வேகமா எறியுறாங்கன்னு 2008-ல டி.வி-க்காக நடந்த போட்டியில தேர்வாகி, அதே வருஷம் நவம்பர்ல பைரேட்ஸ்ல கையெழுத்து போட்டாங்க. 2014-ல் இந்தக் கதையே 'மில்லியன் டாலர் ஆர்ம்'னு ஹாலிவுட் படமா வந்துச்சு. மியூசிக் யாருன்னு கேளுங்க... நம்ம ஏ.ஆர்.ரஹ்மான்! ரெண்டு பேருமே மேஜர் லீக் வரைக்கும் போகலை. ஆனா 'வா, எறிஞ்சு காட்டு'ன்னு ஒருத்தர் கூப்பிட்டார் இல்லையா? அந்த ஒரு வாய்ப்புதான் விஷயம்.

பைக்குள்ளே என்ன?

திரும்பி வர்ற ரயில்ல தூக்கம் சொக்குச்சு. அண்ணன் பேக்கைத் தலைக்கு வெச்சுப் படுத்தேன். குத்துச்சு. ஜிப்பைத் திறந்து பார்த்தா, மடிச்ச வெள்ளை டிரெஸ். அதுக்கு அடியில புத்தம் புது ஸ்பைக்ஸ் ஷூ.

அப்பத்தான் புரிஞ்சது. காலையில வாசல்ல, கழுத்துல கார்டு மாட்டின பெரியவர் ஒருத்தர்கிட்ட அண்ணன் ஏதோ பேசிட்டு வந்தாரே... அது இதுதான். ''நானும் ஒரு ஓவர் போடலாமா சார்?''னு கேட்டிருக்கார். அவரும் தன்மையாத்தான் சொல்லியிருக்கார்: ''எந்த லீக்ல ஆடுற தம்பி? டென்னிஸ் பாலா? லெதர் பால்ல ரெண்டு வருஷம் ஆடிட்டு வாப்பா.''

''ஷூ வாங்கி ஒரு வருஷமாச்சு. நல்ல இடத்துல போடணும்னு வெச்சிருந்தேன்''னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார் அண்ணன். விழுப்புரம் தாண்டுற வரைக்கும் பேசவே இல்லை.

அவர் ஆசை ஒண்ணும் பேராசை இல்லைங்க. ஐபிஎல் அணிகளுக்கு நெட்ல பந்து போட்டுட்டிருந்த வருண் சக்ரவர்த்தி, ஆர்க்கிடெக்சர் படிச்சவர். 2018-ல மதுரை பாந்தர்ஸ் டி.என்.பி.எல். கப் ஜெயிச்சப்ப அந்த டீம்ல இருந்தார். அதே வருஷ ஏலத்துல 8.4 கோடி ரூபாய்! சேலம் பக்கம் சின்னப்பம்பட்டி நடராஜன் 2020-ல ஆஸ்திரேலியாவுக்கு நெட் பவுலராத்தான் விமானம் ஏறினார். ஒருநாள், டி20, டெஸ்ட்னு மூணுலயும் அறிமுகமாகி ஊர் திரும்பினார். நெட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிறதுக்கும் இந்தப் பக்கம் நிக்கிறதுக்கும் நடுவுல சில நேரம் ஒரே ஒரு நல்ல யார்க்கர்தான் தூரம்.

எங்க அண்ணனுக்கு அந்தத் தூரம் கொஞ்சம் அதிகமாயிடுச்சு. மதுரையில லெதர் பால் லீக்ல ஒரு சீஸன் ஆடினார். 2020 மார்ச்ல கொரோனா வந்துச்சு. சேப்பாக்கம் கேம்ப் பாதியில நின்னுச்சு, ஐபிஎல் எமிரேட்ஸுக்குப் போச்சு, எங்க கண்மாய்க் கரையும் காலியாச்சு. பெரியப்பா வேலையும் போச்சு. அண்ணன் பைக் ஷோரூம்ல சேர்ந்தார். சேப்பாக்கத்துக்கு சிஎஸ்கே திரும்ப வந்து ஆடினது 2023 ஏப்ரல்லதான். அதுக்குள்ள அண்ணனுக்குக் கல்யாணமே ஆயிடுச்சு!

ரெண்டு சாக்ஸ் போட்டுக்கோ!

இப்ப நம்ம மதுரைக்கே சிந்தாமணி பக்கம் பெரிய கிரிக்கெட் ஸ்டேடியம் வந்தாச்சு. 2025 அக்டோபர்ல தோனியே வந்து திறந்து வெச்சார். நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்துல டி.என்.பி.எல். ஆட்டங்கள் நடக்குது. 'பிராக்டீஸ் பார்க்க சென்னைக்குப் போனோமே!'னு நானும் அண்ணனும் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

ஞாயித்துக்கிழமை காலையில அண்ணன் எங்க ஏரியா பொடுசுகளுக்குப் பந்து போடக் கத்துத் தர்றார். ஃபீஸ் கிடையாது. லேட்டா வந்தா மட்டும் ரெண்டு ரவுண்டு ஓடணும். போன மாசம் அதுல ஒரு பையன் மாவட்ட செலக்‌ஷனுக்குக் கிளம்பினான். கால்ல பிஞ்சுபோன கேன்வாஸ். அண்ணன் வீட்டுக்குள்ள போய் அந்தப் பழைய பேக்கை எடுத்துட்டு வந்தார். ஷூவுல ஒரு கீறல்கூட இல்லை.

''ஒரு சைஸ் பெருசா இருக்குண்ணே...''

''ரெண்டு சாக்ஸ் போட்டுக்கோ. ஓடு, பஸ்ஸு போயிடப் போவுது!''

செலக்‌ஷன் ரிசல்ட் இன்னும் வரலை. ஆனா ஷூ நல்ல இடத்துக்குப் போயிடுச்சு.

நீங்களும் கிளம்புறீங்களா?

பிராக்டீஸ் பார்க்க ரசிகர்களை விடுறது வருஷா வருஷம் மாறும். கேட்டுட்டு டிக்கெட் போடுங்க. தொப்பி, தண்ணி முக்கியம், மார்ச் வெயில் மண்டையைப் பிளக்கும். முன்னாடியே போய் வேலி ஓரமா இடம் பிடிங்க. விசில் அடிங்க, தலைவனைப் பாருங்க, தொண்டை கட்டுற வரைக்கும் கத்துங்க. நடுவுல ஒரே ஒரு ஓவர் மட்டும் கண்ணை அந்தப் பக்கம் திருப்புங்க. முதுகுல பேர் இல்லாத ஒரு பையன் ஓடி வருவான். நல்ல பந்து போட்டான்னா பலமா ஒரு தட்டு தட்டுங்க மக்கா!